அணைக்காத திரை

விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்த் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். தரவுப் பகுப்பாய்வு வகுப்பில் ஒருமுறை, "உங்க தெருவுல தண்ணி எவ்வளவு நேரம் வருதுன்னு எழுதிக்கினு வாங்க" என்று சொல்லியிருந்தேன்.

முருகனும் செல்வமும் ஒரே கிராமத்துப் பையன்கள். இருவரும் எழுதி வந்ததைப் பட்டை வரைபடமாக்கித் திரையில் போட்டேன். ஊர்த் தெருவின் பட்டை உயரமாக நின்றது. காலனியின் பட்டை தரையோடு கிடந்தது.

"பொய்க் கணக்கு!" என்று கத்தினான் ஊர்த் தெரு முருகன்.

"எங்க கொழாயாண்ட வந்து நில்லுடா, தெரியும்" என்றான் காலனிச் செல்வம்.

அடுத்த நொடி இரும்பு நாற்காலி பறந்தது. செல்வத்தின் நெற்றி பிளந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. அப்போதும் விடாமல் முருகன் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். அதே வகுப்பில் படிக்கும் கோட்டக்குப்பத்து சபீனாதான் பாய்ந்து முருகனைத் தள்ளிவிட்டு, தன் துப்பட்டாவால் காயத்தை அழுத்தினாள்.

நானும் ஓடினேன், புரொஜெக்டரை அணைக்க. படம் மறைந்தால் சண்டை அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

"அத்த அணைக்காதீங்க மேடம்." செல்வத்துக்கு மூச்சிரைத்தது. "அடி வாங்கறது எங்களுக்குப் பழகிப்போச்சு. இத்த இவங்கல்லாம் பாக்கறதுதான் மொத தபா."

இப்போதும் அந்தப் பாடத்தைக் கடைசி வரிசையில் நின்றுதான் நடத்துகிறேன், ஸ்விட்ச் என் கைக்கு எட்டாத இடத்தில்.