சர்க்கரை ஒட்டாத பேட்ச்

இத்தனை வருஷம் ஆகியும் அவளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. மறந்துவிடு, மன்னித்துவிடு என்று புத்தி சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று சொல்லட்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. சாலவாக்கத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் காலனி. டவுன் பஸ் பிடித்து, உத்திரமேரூரில் மாறி, வாலாஜாபாத் ரோட்டில் இருந்த ஒரு கோழித் தடுப்பூசிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். லேப் வேலை. எங்கள் காலனியில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் நான்தான். அம்மா போன பிறகு என்னை வளர்த்த சின்னம்மாவுக்கு அதில் ஒரே பெருமை. துவைத்த கோட்டை நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி தெருப்பக்கமாகத்தான் காயப்போடுவாள்.

லேபில் எனக்கு மேலே இருந்தவளை அக்கா என்று கூப்பிடுவேன். இன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரமாட்டேன் என்கிறது. எழுதினால்தான் யாரென்று புரியும் என்பதற்காக எழுதுகிறேன். வாலாஜாபாத்காரி. என் டிபன் பாக்ஸைத் திறந்து கேட்காமலே எடுத்துச் சாப்பிடுவாள். கூடப் பிறந்தவள் மாதிரி நினைத்திருந்தேன், முட்டாள்.

வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு நாங்கள் ஒரு புது மாதிரித் தடுப்பூசி செய்துகொண்டிருந்தோம். வைரஸின் வெளிக்கூட்டை மட்டும் ஒருவகைப் புழுவின் செல்லில் வளர்த்து எடுப்பது. பார்க்க அசல் வைரஸ் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே நோய் பரப்புகிற சரக்கு கிடையாது. கூட்டின் மேல் முள் முள்ளாகப் புரதம், புரதத்தின் மேல் அங்கங்கே சர்க்கரை. காபியில் போடுகிற சர்க்கரை இல்லை, செல்லே கோத்து ஒட்டுகிற சின்னச் சின்னச் சங்கிலி. அது ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டினால்தான் புரதம் ஒழுங்காக மடங்கும். மடங்காததை ஊசியில் ஏற்றினால், நிஜ நோய் வரும்போது கோழியின் உடம்புக்கு எதிரியை அடையாளம் தெரியாது.

அந்தச் சர்க்கரையைப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. வாளவரை விதையிலிருந்து எடுக்கிற ஒரு புரதம் உண்டு, அந்தச் சர்க்கரையைக் கண்டால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்தில் தாளில் பழுப்பாக ஒரு பட்டை விழும். நல்ல பேட்ச் என்றால் பட்டை அழுத்தமாக மேலே நிற்கும். சர்க்கரை குறைந்துபோனால் மங்கிக் கீழே இறங்கிவிடும்.

அந்த வருஷம் பொங்கல் கழித்து வந்த பேட்சில் பட்டை மங்கி, கீழே, இரண்டாகப் பிரிந்து கிடந்தது. திரும்பச் செய்து பார்த்தேன், அதே கதை. ஈரத்தாளைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

"இது வேலைக்கு ஆகாதுடி, கொட்டிடலாம். ஊர்ல போட்டுப் பாக்கறதுக்கு, இதுக்கு முன்னாடி எடுத்த பேட்சே போகட்டும். நான் பாத்துக்கறேன், நீ விடு" என்றாள்.

விட்டேன். அவள் சொன்னால் எனக்கு மறுபேச்சு இல்லை.

மாசியில் ஊர்க்கோழிகளுக்குப் போட்டுப் பார்க்கவேண்டி வந்தபோது, "உங்க காலனியிலேயே போடலாமே" என்றாள் அக்கா. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனி ஜீப்பில் வந்தாள். சின்னம்மா வைத்த கருவாட்டுக் குழம்பைக் கையைச் சப்பிச் சாப்பிட்டாள். சின்னம்மாவிடம் இருந்த கோழிகளில் முக்கால்வாசி வாரக்கோழி. அதாவது ஊர்க்காரர்கள் பெட்டையைக் கொடுப்பார்கள், வளர்த்து, பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி.

"அடுத்தவங்க கோழிம்மா. ஒண்ணும் ஆயிடாதே?" என்று சின்னம்மா அவளிடமே கேட்டாள்.

"உங்க பொண்ணு செஞ்ச மருந்து. அவளை நம்ப மாட்டீங்களா?" என்றாள் அவள் சிரித்துக்கொண்டே.

சின்னம்மா ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கொடுத்தாள். மீந்த பாட்டிலை ஐஸோடு எடுத்துவந்து லேப் ஃபிரிட்ஜில் நானேதான் வைத்தேன்.

சித்திரையில் நோய் வந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி விழுந்தன. வாரக்கோழி செத்தால் அதைக் கொண்டுபோய் உடையவர்களிடம் காட்டவேண்டும், இல்லாவிட்டால் அறுத்துத் தின்றுவிட்டாள் என்பார்கள். வேகாத வெயிலில் சின்னம்மா செத்த கோழிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். வாசலுக்கு வெளியே நிற்கவைத்துக் கேட்டார்கள். "வியாதியா, இல்ல நீங்க போட்ட ஊசியா?" என்றார்கள். இனிமேல் உனக்குக் கோழி கிடையாது என்றார்கள். நாற்று நடக் கூப்பிடுவதும் நின்றுபோனது.

"எம்பொண்ணு போட்ட ஊசில கொறை இருக்காதுன்னு சொல்லிட்டு வந்துகீறேன். இல்லதானே?" என்றாள் சின்னம்மா என்னிடம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் லேபில் யாரிடமும் சொல்லாமல், மீந்திருந்த பாட்டிலில் கொஞ்சம் எடுத்து அதே வாளவரைச் சோதனையைச் செய்தேன். பக்கத்திலேயே பழைய நல்ல பேட்சையும் ஓட்டினேன். நல்லது மேலே அழுத்தமாக நின்றது. எங்கள் கோழிகளுக்குப் போட்டது மங்கி, கீழே, இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நான் பெற்ற பிள்ளையை எனக்குத் தெரியாதா! கொட்டிடலாம் என்று அவள் சொன்ன அதே சரக்கு.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

"மாட்டுப் பொங்கல் அன்னிக்கு செல்லை எடுக்கற டியூட்டி என்னுதுடி. பழையசீவரத்துல பார்வேட்டை, பெருமாள் மலைக்கு வர்ற நாள். ஒரு நடை பாத்துட்டு ஓடியாந்துடலாம்னு குடும்பத்தோட போனேன். கூட்டத்துல வண்டி நகரல. மறுநாள்தான் வர முடிஞ்சுது. அதுக்குள்ள செல்லெல்லாம் செத்து உடைஞ்சு, சர்க்கரை ஒழுங்கா ஒட்டாமப் போச்சு. மேல சொன்னா என் வேலை போயிடும்."

"முன்னாடி எடுத்த பேட்ச் இருந்துச்சே?"

"அது பெரிய பண்ணைக்குன்னு எடுத்து வெச்சுட்டாங்க."

"அதுக்கு எங்க காலனிதான் கெடச்சுதா?"

"ஊருக்குள்ள போட்டா சங்கம், சண்டைன்னு வந்துடுவாங்க. உங்க பக்கம்னா யாரும் வந்து கேக்க மாட்டாங்க."

சண்டைக்காகச் சொல்லவில்லை, சமாதானமாகத்தான் சொன்னாள். நானும் அவளைப் போலவே நினைப்பேன் என்ற நம்பிக்கை. அன்றைக்கு அவளை அறைந்திருக்க வேண்டும். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை விடாமல் சின்னம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"இன்னா சொன்னா? கேக்க மாட்டோமா?" என்றாள். விடிந்ததும் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் விடவில்லை. சின்னம்மா நகரவும் இல்லை. "கோழி மருந்து போட்ட அந்த அம்மாவ வரச்சொல்லு. நாலு பேர் எதிர வந்து, கோழி செத்தது தான் குடுத்த கெட்டுப்போன மருந்தாலன்னு சொல்லட்டும். வேற ஒண்ணும் வாணாம்" என்றாள். ஷிஃப்ட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அவள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

"மேடம், இவங்க உங்களத்தான் கேக்கறாங்க. தெரிஞ்சவங்களா?" என்றார் வாட்ச்மேன்.

அவள் சின்னம்மாவைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். மானேஜரின் கார் பின்னாலேயே வந்து நின்றிருந்தது.

"யாருன்னு தெரியலையே" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ தெரியலன்னே சொல்லுமே. எனுக்கு உன்ன நல்லாத் தெரிஞ்சிபோச்சு" என்றாள்.