மச்சானை விட்டாச்சு

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘விட்டாச்சு’ என்றால்தான் தெரியும். டீயில் சர்க்கரை போடட்டுமா என்றால் “விட்டாச்சு” என்பார். சிகரெட்டை நீட்டினால் “விட்டாச்சு”. படுக்கத் தலையணை கொடுத்தால், அடக் கொடுமையே, அதையும் விட்டாச்சு!

எல்லாம் கடவுளோடு செய்துகொண்ட ஏற்பாடு. கஷ்டம் என்று ஒன்று வந்தால் போதும், மேலே பார்த்து, “இதை மட்டும் சரி பண்ணிக் குடு, நான் அதை விட்டுடறேன்” என்று பேரத்தை முடித்துவிடுவார். மகளின் காய்ச்சலுக்குச் சர்க்கரை போனது. வேலையில் கால் வழுக்கித் தப்பியதற்கு சிகரெட் போனது. மனைவியின் ஆபரேஷனுக்குத் தலையணை. “கடவுள் உங்க தலையணையை வெச்சுக்கிட்டு என்னங்க பண்ணுவாரு?” என்று அந்த அம்மாள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

மகளுக்குக் கல்யாணமாகி வருஷக்கணக்கில் குழந்தை இல்லை. இதற்குச் சில்லறைச் சாமான் எடுபடாது என்று அவருக்குத் தோன்றியது. தன்னிடம் மிச்சமிருப்பதில் எது உசத்தி என்று யோசித்தால், மச்சான்தான் இருந்தான், மனைவியின் தம்பி. ஒரே வேலை, ஒரே கட்டடத்தில் வீடு. மெஷின் ரூமில் ஆரம்பிக்கிற பேச்சு, சாப்பிட்ட கை காய்கிறவரை ஓடும். “குழந்தை பிறக்கிற வரைக்கும் அவனோட பேச மாட்டேன்” என்று வேண்டிக்கொண்டார். வெளியே சொன்னால் பலிக்காது என்ற பயத்தில் மனைவியிடமும் மூச்சு விடவில்லை.

மகள் உண்டானாள். மச்சான் நொந்துபோனான். “நான் என்னக்கா தப்பு பண்ணேன்?” என்று அக்காவிடம் புலம்பிப் பார்த்துவிட்டு, வேறு ஆட்களோடு வேலைக்குப் போக ஆரம்பித்தான்.

ஒரு மத்தியானம், பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு வலி எடுத்தது. அம்மாவும் மகளும் லிஃப்டில் ஏற, இவர் டாக்ஸி பிடிக்கப் படியில் ஓடினார். நாலாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. வெட்கக்கேடு, இவரே பார்த்துக்கொள்கிற லிஃப்ட்!

விழுந்தடித்துக்கொண்டு மெஷின் ரூமுக்கு ஏறி மெயினை அணைத்தார். லிஃப்டைக் கையால் இறக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். “கடவுளே, யாராவது ஒரு ஆளை அனுப்பு” என்று திரும்பினால், அக்கா போட்ட சத்தம் கேட்டு ஓடி வந்த மச்சான் வாசலில் நிற்கிறான். வேற ஆளே கிடைக்கலையா உனக்கு என்று கடவுளை மனதுக்குள் கேட்டார்.

மச்சான் நேராகப் போய் பிரேக் கைப்பிடியைப் பிடித்தான். “தளர்த்தட்டுமா மாமா?”

இவர் தலையை ஆட்டினார். முதுகு காட்டி நின்றவனுக்குத் தெரியவில்லை. கனைத்துப் பார்த்தார்.

“கனைச்சா என்ன அர்த்தம்?” என்று அவன் திரும்பினான். இவர் புருவத்தைத் தூக்கினார். “புருவத்தைப் பாத்தெல்லாம் பிரேக்கைத் தளர்த்த முடியாது! உள்ள இருக்கறது உங்க பொண்ணு. வாயைத் தொறங்க!”

பேசினால் வேண்டுதல் போச்சு. குழந்தை இன்னும் பிறக்கவில்லையே! கீழேயிருந்து, “அப்பா, முடியலப்பா!” என்று மகள் அலறினாள்.

“ஆண்டவனே, நீயே பாத்துக்கோ!” என்று கத்தினார். “தளர்த்து மச்சான்! மெதுவா... மெதுவா... நிறுத்து!”

கயிற்றில் பெயிண்டால் போட்டிருந்த மூன்றாம் மாடி அடையாளம் நேருக்கு வந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்கள்.

பிரசவ அறைக்கு வெளியே பேயறைந்தவர்போல உட்கார்ந்திருந்தார். “வாக்கு தவறிட்டேன் மச்சான், குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோ?” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினார்.

“சர்க்கரை, சிகரெட், தலையணை, அதுக்கப்புறம் நானா?” என்று மச்சான் எகிறினான்.

“அதெல்லாம் சின்னச் சின்ன கஷ்டத்துக்குடா. இவ்வளவு பெருசா கேக்கறப்ப, உன்னைத் தவிர என்கிட்ட குடுக்க வேற என்ன இருந்துச்சு?”

மச்சான் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உள்ளே குழந்தை வீறிட்டது.

பேத்தி, தாயும் சேயும் சௌக்கியம் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் மாதக்கணக்கில் சேர்ந்திருந்த பேச்சை அவிழ்த்துவிட்டார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்து, “கொஞ்ச நேரம் பேசாம இருக்கீங்களா?” என்றாள்.

“பேசாம இருக்கறதா?” என்றார் அவர். “அதை விட்டாச்சும்மா.”