ஆடிக் கிருத்திகையில் ஒரு வகுப்பு

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கரப்பான்பூச்சி பறந்தால் கட்டிலில் ஏறிவிடுவேன், கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினால் காரணம் தெரியும் முன்பே மன்னிப்புக் கேட்டுவிடுவேன். நூலகர் வேலைக்கு வந்ததே அதனால்தான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். புத்தகம் கடிக்காது, எதிர்த்துப் பேசாது. ஆனால் உண்மையான பயம் எப்படி இருக்கும் என்பது போன ஆடிக் கிருத்திகையன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் என் வீட்டில், மடிக்கணினி முன்னால், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது.

திருத்தணிக்கு வெளியே ஒரு கலைக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் நூலகத்துக்கு வருவதில்லை, நூலகத்தை அவர்கள் போனுக்கே அனுப்பிவிடலாம் என்று கொரோனாவுக்குப் பிறகு நிர்வாகத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு பாடத்தின் இணையப் பக்கத்திலும் 'நூலகரைக் கேளுங்கள்' என்று ஒரு பொத்தானை வைத்தார்கள். அழுத்தினால் நான் வருவேன், விளக்கைத் தேய்த்தால் வரும் பூதம் மாதிரி. மாணவி தன் போன் திரையை எனக்குப் பகிர்வாள். எங்கே தேடுவது, எந்தச் சொல்லைப் போடுவது என்று நான் பார்த்துக்கொண்டே சொல்வேன். கூடவே எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு குறிப்புப் பக்கம் திறந்திருக்கும், அதில் இரண்டு பேரும் எழுதலாம்.

திரையைப் பகிர்ந்து பழகாத பிள்ளைகளுக்கு ஒன்று தோன்றுவதில்லை. அவர்கள் போனுக்கு வரும் செய்தியெல்லாம் என் கண்ணிலும் படும். வங்கிக்காரன் அனுப்புவது, காதலன் அனுப்புவது, எல்லாம் மேலிருந்து வந்து விழும். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். வாசகர் விஷயத்தில் நூலகர் மூக்கை நுழைக்கக் கூடாது என்று படித்த காலத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

அன்று கல்லூரி விடுமுறை. ஊர் முழுக்கக் காவடி. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், எங்கள் தெருவில் சைக்கிள்கூட நுழைய முடியாது. அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேலை நல்ல சாக்கு என்று மத்தியானம் பொத்தானுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்தாள். வீடு கே.ஜி.கண்டிகைப் பக்கம். பெண்களுக்கு இலவச பஸ் விட்டபிறகு ஊர்ப்புறப் பெண்கள் வேலைக்குப் போவது கூடியிருக்கிறதா என்பது அவள் கட்டுரை. நல்ல கேள்வி. மலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். வீட்டில் எல்லாரும் போயிருக்கிறார்கள், தான் மட்டும் வீட்டுக்குத் தூரம் என்று கூச்சத்தோடு சொன்னாள். அந்த நாட்களில் மலை ஏறமாட்டோம், அது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான்.

தேடத் தொடங்கினோம். திரையின் உச்சியில் 'பாவா' என்ற பெயரில் ஒரு செய்தி இறங்கியது. எல்லாரும் மலைக்குப் போயாச்சா என்று கேட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆந்திர எல்லைப் பக்கத்து வீடுகளில் அக்காள் புருஷனை பாவா என்போம், மைத்துனியைச் சீண்ட உரிமை உள்ள உறவு. அவள் அதை விரலால் தள்ளிவிட்டாள். அடுத்தது வந்தது. நீ போகலன்னு தெரியும். அதையும் தள்ளினாள். நான் 'பயணம்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'போக்குவரத்து' என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் எழுத்துப் பிழையோடு எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். மூன்றாவது செய்தி விழுந்தது. பின்கதவத் தொற.

இது சீண்டல் இல்லை என்று எனக்குப் புரிந்தது. அவள் குரல் மட்டும் மாறவில்லை, "சொல்லுங்க மேடம்" என்றாள். பார்த்துவிட்டேன் என்று சொன்னால் வெட்கப்பட்டு இணைப்பைத் துண்டித்துவிடுவாளோ என்று பயம். பிறகு அவள் எங்கே, நான் எங்கே. வாய் பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, குறிப்புப் பக்கத்தில் எழுதினேன்: நான் பார்த்துவிட்டேன். கதவைத் திறக்காதே. திரைப் பகிர்வை நிறுத்து, பேச்சை நிறுத்தாதே.

பகிர்வு நின்றது, குறிப்புப் பக்கத்தில் எழுத்து ஊர்ந்தது. பின்னாடி நிக்கிறாரு மேடம், தாழ்ப்பாள ஆட்டுறாரு, அது பழசு. பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடு என்று எழுதினேன். அதற்கு அவள் எழுதியது இன்றும் எனக்கு மறக்கவில்லை. கூப்பிட்டா அவங்களே கதவத் தொறந்து விடச் சொல்லுவாங்க, பாவாதானே.

அம்மா போனும் அக்கா போனும் கிடைக்கவில்லை. கிருத்திகையன்று மலைமேல் யாருக்கும் லைன் கிடைக்காது. போலீஸ் என்று எழுதினேன், அக்கா வாழ்க்கை போய்விடும், வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. ஒரு புத்தகம் தேடுகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு என் மைக்கை அணைத்து, என் போனிலிருந்து உதவி எண்ணைக் கூப்பிட்டேன். நாக்கு குழறி, நூலக உறுப்பினர் பட்டியலில் இருக்கும் அவள் விலாசத்தைப் படித்துச் சொல்லவே தடுமாறினேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள், காவடிக் கூட்டத்தைத் தாண்டி வரவேண்டும் என்றும் சொன்னார்கள்.

அதுவரை என்ன செய்வது? அவன் எதற்குப் பயப்படுவான் என்று யோசித்தேன். பயத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா? நாலு பேர் பார்ப்பார்கள் என்றால் இந்த மாதிரி ஆளுக்கு உதறும். நானும் இருக்கும் அவர்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இந்த அழைப்பின் இணைப்பைப் போட்டு, கட்டுரைக்கு மதிப்பெண் வேண்டுமானால் இப்போதே வகுப்புக்கு வரவேண்டும் என்று எழுதினேன். பச்சைப் பொய். மதிப்பெண் போடும் அதிகாரம் எனக்கு எந்த ஜென்மத்தில் இருந்தது? அவளிடம் போன் சத்தத்தை முழுக்க வைத்து, பின்கதவுப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி அடுப்படியிலிருந்து, ஒருத்தன் ஆர்.கே.பேட்டை பஸ்ஸிலிருந்து, இன்னொருத்தன் மலைப்படியிலிருந்தே, முதுகுக்குப் பின்னால் அரோகரா முழங்க. லீவு நாளில் என்ன மேடம் இது என்று எல்லாருக்கும் கடுப்பு. மைக்கை யாரும் அணைக்கக் கூடாது என்றேன். சத்தமாக வருகைப்பதிவு எடுத்தேன். பிறகு அவளிடம், கதவுக்கு வெளியே கேட்கட்டும் என்று கத்தினேன்:

"கேமராவ ஆன் பண்ணுமா. உன் வீட்ட நாங்க எல்லாரும் பாக்கணும்."

தாழ்ப்பாள் சத்தம் நின்றுவிட்டது என்று எழுதினாள். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். சாய்ந்த மறுகணம் அடுத்த வரி வந்தது: கிளாஸ் முடியட்டும்னு மெசேஜ் போட்டிருக்காரு.

அவன் போகவில்லை. என் வகுப்பு முடியக் காத்துக்கொண்டிருந்தான். வகுப்பை முடிக்கக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் மண்டையில் இருந்தது. நூற்பட்டியல் தயாரிப்பது எப்படி என்று ஆரம்பித்தேன். ஒரு நூலின் ஆசிரியர் பெயரை எங்கே எழுதவேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். தொண்டை வறண்டது, எழுந்து தண்ணீர் குடிக்கப் பயம். ஒருத்தன் போனில் சார்ஜ் போய்விடும் என்றான், போனால் போகட்டும் இரு என்று எரிந்து விழுந்தேன். அவள் திரையில் தன் கட்டத்துக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண் கதவிலேயே இருந்தது.

வெகு நேரத்துக்குப் பிறகு, போலீஸ் வருவதற்கு முன்பே, அவள் போன் வழியே ஒரு பெண் குரல் கேட்டது. அம்மா வந்துவிட்டாள். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அந்தக் குரல், அதற்குள் வாசலுக்கு வந்து நின்ற அவனிடம் அத்தனை அன்பாகப் பேசியது:

"மாப்ள, நீங்க எப்ப வந்தீங்க? வெயில்ல நின்னுகினு இருக்கீங்களே. ஏய், கதவத் தொறடி, பாவா வந்திருக்காரு பாரு."

வகுப்பு முழுவதும் இதைக் கேட்டது. நான் என்ன செய்ய முடியும்? நான் இருப்பது ஒரு பொத்தானுக்குப் பின்னால். அவள் எழுந்து முன்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. போனைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறாள், திரையில் கூரையும் சுவரும் ஆடின.

"அம்மா, அவர உள்ள விடாத. நீங்க இல்லாத நேரம் பாத்து பின்கதவ ஆட்டிகினு இருந்தாரு."

கூட ஒரு சின்ன விசும்பல் கேட்டது, அக்காவாக இருக்கவேண்டும். அம்மாவின் குரல் தாழ்ந்தது. வாயை மூடு, போனை அணை, யார் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பல்லைக் கடித்தபடி சொன்னாள்.

அது எனக்கும் உறைத்தது. இத்தனை பிள்ளைகள் முன்னால் இந்தப் பெண்ணின் வீட்டு விஷயம் சந்தி சிரிக்கப் போகிறதே என்று பதறி, அவள் மைக்கை என் பக்கமிருந்தே அணைக்கக் கையைக் கொண்டுபோனேன். அவள் முகம் திரைக்கு வந்தது.

"மேடம், மைக்க ஆஃப் பண்ணாதீங்க. கேக்கட்டும்."

நான் கையை எடுத்துவிட்டேன். வகுப்பிலிருந்து ஒருவரும் வெளியே போகவில்லை.