மூன்று ஞாயிறு வராதவர்கள்

ஆண்டவர் எனக்குப் பதில் தந்ததை உங்களிடம் சொல்கிறேன். அதற்கு நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அளவு தப்பிய பாகத்தைத் தள்ளிவைப்பது என் வேலை. சென்ற ஆண்டு ஜனவரியில் எங்கள் சபை, வாலிபர் ஊழியத்தை என்னிடம் கொடுத்தது. இதற்காகத்தான் கர்த்தர் என்னை வைத்திருக்கிறார் என்று அன்றைக்கே நாட்குறிப்பில் எழுதினேன்.

ஜூன் மாதத்துக்குள் அந்த வாலிபர்கள் என்னை வெறுத்தார்கள். எனக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை. ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு நாற்பது பெயர் பதிவில் இருக்கும். ஒன்பது பேர் வருவார்கள். அவர்களும் போனைப் பார்ப்பார்கள். தொடர்ந்து மூன்று ஞாயிறு வராதவர் பெயரை அடித்துவிடுவது என்று ஒழுங்கு வைத்தேன். "ஆன்ட்டி நம்மளையும் ரிஜெக்ட் பண்றாங்கடா" என்று பின்வரிசையில் ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் அவன் பெயரையும் அடித்தேன்.

ஆகஸ்டில் பாஸ்டர் கூப்பிட்டார். "சிஸ்டர், பிள்ளைங்க யாரும் நிக்க மாட்டேங்குறாங்க. வேற ஆளைப் பாக்கலாமான்னு யோசிக்கிறேன்" என்றார்.

வீட்டில் முழங்காலில் நின்றேன். அழுகையைவிடக் கோபம் அதிகம். "இது நீர் தந்த ஊழியம் என்றால் எனக்குக் காட்டும். இல்லையென்றால் என்னை எடுத்துவிடும்." ஒன்பது நாள் இதையே ஜெபித்தேன்.

பத்தாம் நாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஜெனிபர் வழிமறித்தாள். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்து, கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருப்பவள்.

"எங்க ஹாஸ்டல் ரெபேக்காள் பேரை அடிச்சீங்களே, ஏன் வரலன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"வராதவங்கதான் காரணம் சொல்லணும்."

"எங்களுக்கு லீவு மாறி மாறி வரும். அவளுக்கு இப்ப புதன்கிழமை. சர்ச் லிஸ்டுல பேரு இருந்தாத்தான் லீவு அன்னைக்கு வார்டன் வெளிய விடுவாங்க. அஞ்சு வாரமா உள்ளயே கெடக்குறா. வர்ற சனிக்கிழமை வேலையை விட்டுட்டு சொந்த ஊரு சாமல்பட்டிக்கே போறா. போனா கல்யாணம் பண்ணி அனுப்பிடுவாங்க. திருப்தியா?"

மாதாமாதம் அந்தப் பட்டியலை ஹாஸ்டலுக்கு அனுப்பியது நான்தான். அது எதற்கு என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

புதன்கிழமை விடுப்பு எடுத்து ஹாஸ்டலுக்குப் போனேன். "நீங்க சொந்தக்காரங்களா? ஆகல்லம்மா" என்று வார்டன் பாதிக் கன்னடத்தில் மறுத்துவிட்டார்.

"தப்பு என்னுடையது. அந்தப் பெண் பேரைத் திரும்பச் சேர்த்து எழுதித் தர்றேன்."

"அஞ்சு வாரமா அவகிட்ட நான் வாங்கின திட்டு?" என்றார். ஆனாலும் பார்வையாளர் அறையைத் திறந்தார்.

ரெபேக்காள் வந்து வாசலிலேயே நின்றாள். "என்னாத்துக்கு வந்தீங்க? அட்டெண்டன்ஸ் எடுக்கவா?"

"மன்னிப்பு கேக்க."

"கேட்டாச்சுல்ல. கெளம்புங்க."

நான் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி அவளும் உட்கார்ந்தாள். "எனக்கு ஊருக்குப் போவ இஷ்டமில்ல. இங்க ரூமுக்குள்ளயே கெடந்தா பைத்தியம் புடிக்குது. அதான் வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

ஜெபிக்கலாமா என்று கேட்டேன்.

"நீங்க பண்ணுங்க. நான் கண்ண மூட மாட்டேன்."

ஜெபித்தேன். முடித்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த புதனும் வருவீங்களா, இல்ல இதோட சரியா?" என்றாள். அந்தக் குரலில் அன்பு இல்லை. ஆனால் எட்டு மாதத்தில் ஒரு வாலிபப் பிள்ளை என்னை வரச்சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். ஒன்பது நாள் நான் கேட்ட கேள்விக்குப் பதில் அது.

அவள் பெயரை அன்றே வார்டனிடம் எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை அவள் ஊருக்குப் போகவில்லை. அடித்த பெயர்களையெல்லாம் திரும்ப எழுதினேன். பின்வரிசைப் பையனிடமும் போய்ப் பேசினேன். யாருக்கு எந்த நாள் விடுமுறையோ, அந்த நாளில் நான் ஹாஸ்டலுக்குப் போகிறேன். இப்போது அங்கே ஜெபிக்கப் பதினோரு பெண்கள் வருகிறார்கள். ஜெனிபர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளுக்காகவும் நன்றி சொல்கிறேன்.

எதற்காகப் பிறந்தோம் என்று தெரியாமல் தவிக்கிறவர்களே, கர்த்தரிடம் கேளுங்கள். நிச்சயம் பதில் தருவார். அதைக் கொண்டுவருகிறவர் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தாலும், நின்று முழுவதும் கேளுங்கள்.