கோடு போட்டவனின் பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை சூலியா ஸ்ட்ரீட்டில் ஒரு பெயர் சூட்டும் விருந்து. பிரியாணி பிரமாதம். குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"ஸைது."

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பெயர் காதில் விழுந்தால் என் நடுவிரலைத்தான் பார்ப்பேன்... ஏன் என்கிறீர்களா?

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்திருந்த காலம். அதற்கு முன் நான் துறைமுக ஆபீசில் கிளார்க் — அதாவது, வெள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுத்தவன். பக்கத்து வீட்டில் ஸைது அண்ணன். கப்பல் நின்றுபோய் அச்சடித்த குர்ஆன் வராததால், ஓதும் பிள்ளைகளுக்காக நாணல் பேனாவால் பாகம் பாகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

நபிகள் நாயகத்தின் எழுத்தரான ஸைதுவின் பெயரைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பழைய ஸைதுதான் ஓலையிலும் எலும்பிலும் மனிதர்களின் நெஞ்சிலும் இருந்த வேதத்தை ஒன்று சேர்த்தவர். அந்த வேலையைக் கொடுத்தபோது, மலையை நகர்த்துவதே இதைவிட லேசு என்று பயந்துபோனாராம்.

ஒரு காலையில் எங்கள் தெருவை இரண்டு பக்கமும் அடைத்தார்கள். ஆண்களை வரிசையில் நிறுத்திக் கையைப் பார்த்தார்கள். நடுவிரலில் பேனா பிடித்த காய்ப்பு இருந்தால் வெள்ளைக்காரனின் ஆள்! உடனே லாரி. ஏறியவர் யாரும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் விரலில் காய்ப்பு. எனக்கு முன்னால் நின்ற அண்ணன் விரலில் அதைவிடப் பெரிய காய்ப்பு. போதாக்குறைக்கு மைக்கறை வேறு.

சிப்பாய் அவர் கையைப் பிடித்து இழுத்தான். கூட வந்த மலாய்க்கார மொழிபெயர்ப்பாளர், "நாமா?" என்று பெயரைக் கேட்டார்.

"ஸைது. குர்ஆன் எழுதுறவன்."

மொழிபெயர்ப்பாளரின் முகம் மாறியது. ஓதிப் படித்த யாருக்கும் அந்தப் பெயர் தெரியாமல் இருக்குமா? ஓதச் சொன்னார். அண்ணன் ஓதினார். மொழிபெயர்ப்பாளர் சிப்பாயிடம் ஏதோ சொல்ல, கை விடுபட்டது.

அடுத்து என் கை.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் மலாயில் முந்திக்கொண்டார். இவர் என் ஆள், எழுதுகிற தாளுக்குக் கோடு போட்டுத் தருகிறவர் என்றார்.

கோடா? ஒருநாளும் போட்டதில்லை! காலையில் பூசிய திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கோரம் வழிந்துகொண்டிருந்தது. பெயரைக் கேட்டால்? சிவஞானம் என்று சொல்வதா? சொன்னால் அண்ணனுக்கும் சேர்த்து லாரிதான். மொழிபெயர்ப்பாளர் என் நெற்றியைப் பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார்...

போ என்று கையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் காய்ச்சல். சாயங்காலம் அண்ணன் வந்தார்.

"தம்பி, வேதம் எழுதுற ஆளு பொய்ய வச்சிக்கிட்டு உக்கார முடியாது லா. நாளையிலருந்து வந்து கோடு போட்டுருங்க."

"அந்த ஆளு விசாரிக்க வந்தா என்னண்ணே பண்றது?"

"அதுக்கும் சேத்துத்தான் கூப்புடுறேன்."

ஜப்பான்காரன் போகும்வரை போட்டேன். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் போதும், ஸ்கேல் வழுக்கும். "பயப்படுங்க தம்பி, தப்பில்ல. கோடு மட்டும் நேரா இருக்கட்டும்" என்பார்.

ஆயிரத்து முந்நூறு வருடங்களைத் தாண்டி, எழுதியவரின் பெயர் போன ஞாயிறு ஒரு தொட்டில்வரை வந்துவிட்டது. கோடு போட்டவன் பெயரை யார் கேட்கிறார்கள்?

நல்லவேளை... அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை!