படகு யாருடைய பேரில்

அன்ரோனெற் மிஸ் தாழ்வுபாட்டிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, எங்கள் கரை மீனவர் சங்கக் கூட்டத்தில் நேரே போய் உட்கார்ந்துவிட்டார். செயலாளர் நான். பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்று தன்மையாகத்தான் சொன்னேன். தான் கூட்டத்துக்கு வரவில்லை, வேலைக்கு வந்திருப்பதாகச் சொன்னார்.

அவர் ஒரு பெண்கள் அமைப்பில் சமூகப் பணியாளர். கடல்நீர் தேங்கும் களப்பில் அலையாத்தி என்கிற கண்டல் மரம் நடுவதும், புருஷனிடம் அடிவாங்கியவளைப் பொலிசுக்குக் கூட்டிப்போவதும் ஒரே வேலைதான் என்பது அவர் கட்சி. அமைப்பு அவரைப் பயிற்சிக்காகக் கென்யாவுக்கு அனுப்பியது. திரும்பி வந்து படங்கள் காட்டினார். அங்கேயும் பெண்கள் சேற்றில் நின்று கண்டல் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் நிழலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அந்த நாடு பிடித்துப்போனது.

பிறகு இறால் பண்ணைப் பிரச்சினை வந்தது. வெளியூர் முதலாளி ஒருவர் களப்போரத்துக் கண்டலை வெட்டிப் பண்ணை போடக் கேட்டார். சங்கம் சம்மதித்தால் போதும், கோயிலுக்குப் புது மண்டபம் கட்டித் தருவாராம். தலைவர் அமிர்தநாயகத்துக்கு வாயெல்லாம் பல். ஆண்கள் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, எங்களுக்குத்தான் கடல் இருக்கிறதே. கண்டலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நண்டு பிடிப்பவர்கள் பெண்கள். மற்றவர்களுக்கு அது கைச்செலவுக்கு. றஞ்சிதாவுக்கு அதுதான் சோறு. புருஷன் விட்டுவிட்டுப் போனவள், பிள்ளைகளும் சின்னன்.

மிஸ் அவளுக்காகச் சங்கத்தில் வாதாடினார். உறுப்பினர்தான் வாக்களிக்கலாம், படகுச் சொந்தக்காரர்தான் உறுப்பினராகலாம் என்று நான் விதியை வாசித்துக் காட்டினேன். மிஸ் கொஞ்சம் யோசித்தார்.

"படகெல்லாம் ஆரின்ர பேரில இருக்கு?" என்று கேட்டார்.

சண்டை முடிந்த காலத்தில் ஒரு நிறுவனம் பைபர் படகுகள் கொடுத்தது, பெண்களின் பேரில் மட்டும். நாங்கள் விவரமானவர்கள். மனைவிமாரை முன்னுக்கு நிற்பாட்டிக் கையெழுத்தும் வைப்பித்து, படமும் எடுத்துக்கொண்டு, படகைக் கடலில் இறக்கிவிட்டோம். பேரை மாற்ற வேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை. ஆக, சங்கத்தின் உண்மையான உறுப்பினர்கள் அந்த நேரம் பின்பக்கம் எங்களுக்குப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் வந்து கதிரைகளில் உட்கார்ந்தார்கள். ரீயை நாங்கள் ஊற்றினோம். தேயிலைச் சாயம் காணாது என்றார்கள். பண்ணை வேண்டாம் என்று எல்லோரும் கை உயர்த்தினார்கள். என் மனைவி நிறஞ்சலாவைத் தலைவியாக்கினார்கள். மிஸ் அழுதேவிட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

நிறஞ்சலாவின் முதல் தீர்மானம் கண்டலைக் காப்பது. கண்டவர்களும் இறங்கி மரத்தை முறிக்கிறார்கள், இனி உறுப்பினர் மட்டும்தான் உள்ளே இறங்கலாம். கைகள் மறுபடி உயர்ந்தன. வாசலில் நின்ற றஞ்சிதா, எல்லோரும் உயர்த்துகிறார்களே என்று தானும் கையை உயர்த்தினாள்.

மிஸ் பதறி எழும்பினார். நண்டு பிடிக்கிறவளையும் உறுப்பினராக்குங்கள் என்று கெஞ்சினார்.

"அவவிட்ட படகு இல்லையே மிஸ்," என்றாள் நிறஞ்சலா. "விதி எண்டா எல்லாருக்கும் விதிதானே."

அது என்னுடைய குரல்தான். கேட்க எனக்கே பொறுக்கவில்லை. அநியாயம் என்று சொல்ல எழும்பினேன். உறுப்பினர் அல்லாதவர்கள் பேசக்கூடாது என்று என்னை இருத்திவிட்டாள்.

மிஸ் இப்போதும் ஞாயிறு தவறாமல் வருகிறார், ஸ்கூட்டியில் றஞ்சிதாவையும் ஏற்றிக்கொண்டு, அவளை உறுப்பினராக்கச் சொல்லிக் கேட்க. எங்கள் பெண்களுக்கு இப்போது அவரைக் கண்ணில் காட்டக் கூடாது.