ரூத் செய்த மண்குருவி

நான் ஒரு குழந்தையை ஏமாற்றினேன். ‘உன் அம்மா செய்தது’ என்று அவளுக்கு நான் கொடுத்தனுப்பிய மண்குருவி, நான் செய்தது.

பாளையங்கோட்டையில் ஓர் ஓவிய, சிற்பக் காட்சியகத்தில் பொதுமக்களுக்கான நிகழ்ச்சிகளை நடத்துவது என் வேலை. ஞாயிறுதோறும் குடும்பங்கள் வரும். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வரைவார்கள், களிமண் பிசைவார்கள். அப்படியொரு ஞாயிறன்று, பள்ளியொன்றில் எழுத்தராக இருக்கும் டேவிட் தம் மனைவி ரூத்தையும் மகள் ஜெனியையும் அழைத்து வந்தார். ரூத் ஒரு குருவி செய்தாள். ஜெனி ஈர்க்குச்சியால் அதற்குக் கண் குத்தினாள். காயவைத்துச் சுட்டுத் தருகிறேன், பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் வரவில்லை. அலமாரியில் இடம் வேண்டியிருந்தது. கேட்பாரற்றுக் கிடந்த பொம்மைகளை எல்லாம் குப்பையில் கொட்டினேன். கொட்டுமுன் ஒரு முறை தொலைபேசியில் கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை. சோம்பல்தான், வேறென்ன சொல்ல?

சில வாரங்கள் கழித்து டேவிட் அழைத்தார்.

“டீச்சர், ரூத் தவறிட்டா. மஞ்சக்காமாலை முத்திப்போச்சு. பாப்பா அந்தக் குருவியக் கேட்டு அழுதுகிட்டே கெடக்கா. பத்திரமா இருக்குல்லா?”

“இருக்கு அண்ணாச்சி.”

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் துயரத்துக்கு இரங்கியா? இல்லை! குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொல்ல அஞ்சினேன். அவ்வளவுதான்.

நினைவில் இருந்ததைக் கொண்டு ஒரு குருவி செய்தேன். கண்களையும் நானே குத்தினேன். வாங்க வந்த டேவிட், அதன் அடிவயிற்றில் பதிந்திருந்த விரல் தடத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

“அவ கைதான் டீச்சர்.”

நான் தலையசைத்தேன். ஆம், தலையசைத்தேன்!

போன ஞாயிறு ஜெனி மறுபடி வந்தாள். வளர்ந்திருக்கிறாள். குருவியைக் கையோடு கொண்டுவந்து, அந்தத் தடத்தில் தன் கட்டைவிரலைப் பொருத்திக் காட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் வளந்தா அம்மை வெரலு அளவுக்கு வந்துரும்லா டீச்சர்?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். டேவிட் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை என் வாயால் அணைக்க வேண்டுமா என்று தயங்கினேன்... அதுவும் பொய்யோ? என்னைக் காத்துக்கொள்ளத்தான் தயங்கினேனோ?

“வந்துரும் பாப்பா” என்றேன்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். மன்னிக்க வேண்டியவர் நீங்கள் அல்லர்.

அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள். மண் பிசைந்து வைக்க வேண்டும்.